பரட்டை, சடாமுடி, ட்ரெட்லாக்ஸ் - ஒரு சிக்குமுடி வரலாறு

கோவா பீச் கடையாகட்டும், நம்ம ஊர் பிளாட்பாரக் கடையாகட்டும், ஒரு டிசர்ட் கட்டாயம் தொங்கிக்கிட்டு இருக்கும். சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு மூணு பட்டை. நடுவுல கயிறு கயிறா திரிஞ்ச முடியோட பாப் மார்லி. வாங்குறவங்கள்ல பாதிப்பேர் அவர் பாட்டு ஒண்ணைக்கூட முழுசா கேட்டிருக்க மாட்டாங்க. தப்பில்லை, சே குவேரா டிசர்ட்டுக்கும் இதே கதிதானே :-)

ஆனா அந்த முடிக்கு ஒரு வரலாறு இருக்கு. அந்த முடியை வச்சிருந்த ஒரே காரணத்துக்காக ஆட்களைப் பிடிச்சு ஜெயில்ல போட்டிருக்காங்க. கையைக் காலைப் பிடிச்சுக்கிட்டு மழிச்சு விட்டிருக்காங்க. கரீபியன்ல ஒரு குட்டி நாடு, அந்த மாதிரி ஆளைக் கொன்னாக்கூட கேஸ் இல்லைன்னு சட்டமே போட்டுச்சு. இதெல்லாம் ஏதோ பதினேழாம் நூற்றாண்டுக் கதை இல்லை மக்களே, நம்ம அப்பா அம்மா காலத்துக் கதை.

தமிழ்ல இந்த முடிக்கு ரெண்டு பேர் இருக்கு, கவனிச்சிருக்கீங்களா? சிவபெருமான் தலையில இருந்தா சடாமுடி. பஸ் ஸ்டாண்டுல படுத்திருக்கிறவர் தலையில இருந்தா பரட்டை. ரெண்டும் ஒரே சிக்குதான். யார் தலைங்கிறதைப் பொறுத்துதான் மரியாதை. ஜமைக்காவுல நடந்ததும் கிட்டத்தட்ட இதே சண்டைதான். ஒரே வித்தியாசம், அங்க பரட்டைன்னு திட்டு வாங்கினவங்களே 'ஆமாடா, நான் பரட்டைதான்'னு நிமிர்ந்து நின்னாங்க. கொஞ்சம் நீளமான பதிவு, ஒரு டீயை கையில வச்சுக்கிட்டுப் படிங்க.

சின்னதா ஒரு முன்கதை

ஜமைக்கா 1655-லிருந்து 1962 வரை பிரிட்டிஷ்காரன் கையில் இருந்த தீவு. கரும்புத் தோட்டம், ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வந்த அடிமைகள், சர்க்கரை ஏற்றுமதி. இவ்வளவுதான் பொருளாதாரம். 1838-ல் அடிமைகள் முழுசா விடுதலை ஆனார்கள். ஆனால் நிலம் அவர்கள் கைக்கு வரவில்லை. நூறு வருஷம் கழித்தும் தோட்டம் வெள்ளைக்காரனிடம், அலுவலகம் கலப்பினத்தவரிடம், கூலி வேலை கறுப்பர்களிடம். இதில் தலைமுடி எங்கே வருதுன்னா, 'நல்ல முடி' என்றால் நீளமாக, நேராக இருப்பது. சுருட்டையாக இருப்பது 'கெட்ட முடி'. வேலை கேட்டுப் போகிறவன் முதலில் தலையை ஒட்ட வெட்டிக்கொண்டு போக வேண்டும். (சிவப்புத் தோல் கிரீம் விற்கிற ஊர்ல இருக்கிற நமக்கு இது புரியாம இருக்குமா என்ன!)

1930 நவம்பர் 2-ல் எத்தியோப்பியாவில் ராஸ் தஃபாரி என்பவர் ஹைலே செலாஸி என்ற பெயரில் பேரரசராக முடிசூட்டிக்கொண்டார். கிட்டத்தட்ட மொத்த ஆப்பிரிக்காவும் ஐரோப்பியர் கையில் இருந்தபோது ஒரு கறுப்பு ராஜா, அதுவும் யூதா கோத்திரத்துச் சிங்கம் என்ற பட்டத்தோடு. பைபிளை வரி வரியாகப் படித்து வளர்ந்த ஜமைக்கா ஏழைகள் சிலருக்கு இது செய்தியாகத் தெரியவில்லை, தீர்க்கதரிசனமாகத் தெரிந்தது. ராஸ் தஃபாரிதான் கடவுள் என்று நம்பிய இவர்கள்தான் ராஸ்தஃபாரிகள், சுருக்கமா ராஸ்தாக்கள்.

இதை முதலில் ஊர் ஊராகப் பேசியவர்களில் முக்கியமானவர் லியோனார்ட் ஹோவெல். 1898-ல் பிறந்தவர், அமெரிக்காவில் பல வருஷம் இருந்துவிட்டு 1932-ல் ஊர் திரும்பினார். 'நம்ம ராஜா லண்டன்ல இல்லை, அடிஸ் அபாபாவுல இருக்கார்' என்கிற ரீதியில் பேசினால் பிரிட்டிஷ்காரன் சும்மா விடுவானா? 1934-ல் ராஜத்துரோக வழக்கு, ரெண்டு வருஷம் சிறை. வெளியே வந்த பிறகு 1940 வாக்கில் செயின்ட் கேத்தரின் மாவட்ட மலைமேல் பினாக்கிள் என்று ஒரு குடியிருப்பை உருவாக்கினார். நூற்றுக்கணக்கான பேர் சொந்தமா விவசாயம் பண்ணி, சொந்தமா சமைத்து, அரசாங்கத்தை எதற்கும் எதிர்பார்க்காமல் வாழ்ந்தார்கள். போலீஸ் திரும்பத் திரும்ப ரெய்டு விட்டு, கடைசியில் 1954-ல் அதைத் தரைமட்டம் ஆக்கியது.

இதுல ஒரு விஷயம். ராஸ்தாக்களின் முன்னோடி என்று கொண்டாடப்படும் ஹோவெல் தலையில் சடை கிடையாது! போட்டோக்களில் எல்லாம் கட்டையாக வெட்டின முடியோடு, கோட் சூட்டில்தான் இருப்பார். ஆரம்பகால ராஸ்தாவுக்கு அடையாளம் தாடிதான். அப்ப சடை எங்கிருந்து வந்துச்சு?

சீப்பைத் தூக்கிப் போட்ட பசங்க

இந்தக் கேள்விக்கு ரொம்ப உழைத்துப் பதில் தேடியவர் பாரி செவான்ஸ் என்ற ஜமைக்கா மானுடவியலாளர். மூத்த ராஸ்தாக்களிடம் உட்கார்ந்து பேசி, 1994-ல் ஒரு புத்தகமே எழுதினார். அவர் கண்டுபிடிப்பு என்னன்னா, சடை வந்தது மலைமேலிருந்து இல்லை, தலைநகர் கிங்ஸ்டனின் சேரியிலிருந்து. 1940-களின் கடைசியில் ட்ரெஞ்ச் டவுன் பகுதியில் 'யூத் பிளாக் ஃபெய்த்' என்று ஒரு இளைஞர் கூட்டம் சேர்ந்தது. வயசுப் பசங்க. பெரியவங்க பண்ற சமரசம் எதுவும் பிடிக்காத பசங்க. கூட்டத்துல ரொம்பக் கறாரான ஆளுக்கு 'ட்ரெட்ஃபுல்'னு பட்டப்பேர். பயங்கரமான ஆள் என்று அர்த்தம், கெட்ட அர்த்தத்தில் இல்லை, தெய்வபயம் என்கிறோமே அந்த ரகம். ட்ரெட்லாக்ஸ் என்ற சொல்லில் இருக்கிற 'ட்ரெட்' இதுதான்.

இந்தப் பசங்கதான் சீப்பு வேண்டாம், கத்தி வேண்டாம், கத்திரிக்கோல் வேண்டாம் என்று முடிவு பண்ணினார்கள். அதுக்கு அவங்க காட்டின ஆதாரம் பைபிள். எண்ணாகமம் 6-ஆம் அதிகாரத்தில் நசரேய விரதம் என்று ஒன்று வருகிறது. விரதம் இருப்பவன் தலையில் சவரகன் கத்தி படக்கூடாது, முடியை வளரவிட வேண்டும். அப்படி வளர்த்த ஆள்தான் சிம்சோன். தெலீலாள் மடியில் தூங்கும்போது அவன் தலையில் சிரைக்கப்பட்டது ஏழு ஜடை என்று நம்ம தமிழ் பைபிளிலேயே இருக்கு. முடி போனதும் பலம் போச்சு, கதை எல்லாருக்கும் தெரியும்.

பைபிள் ஒரு காரணம்தான். செவான்ஸ் சொல்ற இன்னொரு காரணம்தான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. அந்தக் கால கிங்ஸ்டனில் சீப்பே படாத தலையோடு திரிந்தவர்கள் யார்? வீடில்லாதவர்கள், மனநிலை பிறழ்ந்தவர்கள், சமூகம் ஆள் கணக்கிலேயே சேர்க்காதவர்கள். இந்தப் பசங்க தெரிந்தேதான் அந்தக் கோலத்தை எடுத்துக்கொண்டார்கள். 'உங்க கணக்குல நாங்க ஏற்கெனவே மனுஷன் இல்லை. அப்புறம் எதுக்கு உங்களுக்காகத் தலை சீவணும்?' அதாவது ஊர் ஒதுக்கி வைக்கும் முன்னாடி தானே வெளியே வந்து நிற்பது. ஸ்டைல் இல்லை, ராஜினாமாக் கடிதம்.

இதுக்கு ராஸ்தாக்களுக்குள்ளேயே பயங்கர எதிர்ப்பு. தலை சீவுகிற கோஷ்டி, சீவாத கோஷ்டி என்று ரெண்டாகப் பிரிந்து சண்டை போட்டிருக்கிறார்கள். 'சீவாம திரிஞ்சா எவன் வேலை கொடுப்பான், எவன் நம்மள மதிப்பான்' என்பது மூத்தவங்க கவலை. அது நியாயமான கவலையும்கூட. 1960-ல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூன்று பேர் (எம்.ஜி. ஸ்மித், ராய் ஆஜியர், ரெக்ஸ் நெட்டில்ஃபோர்ட்) கிங்ஸ்டன் ராஸ்தாக்கள் பற்றி அறிக்கை எழுதியபோதுகூட சடைக்காரர்கள், தாடிக்காரர்கள், சாதாரண முடிக்காரர்கள் என்று மூன்று வகையாகத்தான் பிரித்துக் காட்டினார்கள். சடை இல்லாத ராஸ்தா அன்றும் உண்டு, இன்றும் உண்டு.

கென்யாவின் மாவ் மாவ் போராளிகளைப் பார்த்துதான் ஜமைக்காவில் சடை வந்தது என்று இன்னொரு கட்சி இருக்கிறது. காட்டுக்குள் வருஷக்கணக்கில் ஒளிந்திருந்து பிரிட்டிஷாரை எதிர்த்த அவர்கள் தலையிலும் சடைதான். ஆனா தேதியை வரிசையாப் போட்டுப் பாருங்க. யூத் பிளாக் ஃபெய்த் 1949. கென்யாவில் அவசரநிலை அறிவித்தது 1952 அக்டோபர். மாவ் மாவ் படங்கள் உலகப் பத்திரிகைகளில் வந்தது அதற்கு அப்புறம். அதனால் தொடங்கி வைத்தது மாவ் மாவ் என்று சொல்வது கஷ்டம். ஆனால் தயங்கிக்கொண்டிருந்த பசங்களுக்கு அந்தப் படங்கள் பெரிய தெம்பு கொடுத்திருக்கும், அதில் சந்தேகமில்லை. ஆப்பிரிக்காவில் துப்பாக்கி ஏந்தி நிற்கிறவன் தலையும் தன் தலையும் ஒரே மாதிரி!

நம்மூர் சாமியார்கிட்ட கத்துக்கிட்டாங்களா?

இந்தியர்கள் கூடுகிற இடத்தில் இந்தப் பேச்சு வந்தாலே ஒருத்தர் எழுந்து 'அது நம்ம சாதுக்களோட சடாமுடிங்க, நம்மகிட்ட இருந்து போனது' என்பார். பூஜ்யம் கண்டுபிடிச்ச பெருமைக்கு அடுத்த பெருமை :-) முழுசா ஒதுக்கவும் முடியாது, முழுசா ஏத்துக்கவும் முடியாது.

அடிமை முறை ஒழிந்ததும் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே? 1845 மே 10-ல் பிளண்டெல் என்ற கப்பல் சுமார் 260 இந்தியர்களோடு ஜமைக்காவின் ஓல்ட் ஹார்பர் கரைக்கு வந்து சேர்ந்தது. 1917 வரை கிட்டத்தட்ட 36,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். பெரும்பாலும் இன்றைய உத்தரப் பிரதேசம், பீகார் பக்கம். சென்னைத் துறைமுகம் வழியாகப் போன தென்னிந்தியர்களும் உண்டு.

இவர்களோடு போன ஒரு விஷயம் அந்தத் தீவையே மாற்றியது. கஞ்சா. செடி மட்டும் இல்லை, பேரும் நம்ம பேரேதான். இன்றைக்கும் ஜமைக்காவில் அதுக்கு அதே பெயர். ராஸ்தாக்களுக்கு அது போதை இல்லை, வழிபாட்டுப் பொருள். ஹோவெல் 1930-களில் ஒரு சிறு நூல் வெளியிட்டபோது போட்டுக்கொண்ட புனைபெயர் 'கங்குங்குரு மராக்'. அதில் இருக்கிற குருவும் மகராஜும் எங்கிருந்து வந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அஜய் மான்சிங், லட்சுமி மான்சிங் என்ற ரெண்டு ஆய்வாளர்கள் இந்த இந்தியத் தொடர்பை 1980-களில் விரிவாகவே எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் சடை? சடை வளர்த்த அந்தப் பசங்களே சொன்ன காரணம் பைபிளும் ஆப்பிரிக்காவும். சிவனோ சாதுவோ அவர்கள் பேச்சில் இல்லை. அதோட, சீவாம விட்டா சிக்கு விழுறதுக்கு யார்கிட்டயும் காப்பி அடிக்க வேண்டியதே இல்லை. நசரேயன், சாது, காட்டுப் போராளி, மூணு பேர் தலையும் தனித்தனியா அந்த இடத்துக்கு வந்து சேரும். கஞ்சாவுக்கும் குருவுக்கும் கிரெடிட் வாங்கிக்கலாம், சடைக்கு வேண்டாம் என்பது என் கட்சி.

சடை எப்படி விழுது, எப்படி வாழுறது?

நம்ம எல்லார் தலையிலிருந்தும் தினமும் ஐம்பதிலிருந்து நூறு முடி உதிர்கிறது. சீவினால் சீப்போடு வந்துவிடும். சீவாவிட்டால்? உதிர்ந்த முடி பக்கத்து முடிகளில் மாட்டிக்கொண்டு அங்கேயே நிற்கும். அதைச் சுற்றி இன்னும் நாலு முடி. இப்படிச் சுற்றிச் சுற்றி இறுகி, கம்பளி நூல் மாதிரி திரிந்து ஒரு கயிறாகிவிடும். சுருட்டை முடிக்குச் சில மாதங்களிலேயே இது ஆரம்பித்துவிடும். நம்மைப் போன்ற நேர்முடிக்காரர்களுக்கு ரொம்ப நாள் பிடிக்கும், அதுவும் ஒழுங்கா கயிறு கயிறா விழாது, பாய் மாதிரி மொத்தையாகத்தான் விழும். நம்ம ஊர் சாமியார் தலைக்கும் பாப் மார்லி தலைக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான். இன்று சலூனில் பணம் கொடுத்து கொக்கி ஊசியால் பின்னி ஒரே நாளில் சடை போட்டுக்கொள்ளலாம். பழைய ராஸ்தா அதைக் கேட்டால் சிரிப்பார். வருஷக்கணக்கா காத்திருப்பதுதான் அவருக்கு விரதமே.

'அவங்க தலையே குளிக்க மாட்டாங்களாமே?' இது உலகம் முழுக்க ராஸ்தாக்கள் மேல் போட்ட பழி. உண்மையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் முடி வழுக்கும், சிக்கு இறுகாது. சுத்தமான தலையில்தான் சடை நன்றாக விழும். அலசுவார்கள், சோற்றுக்கற்றாழை தேய்ப்பார்கள், கெமிக்கல் சேர்க்க மாட்டார்கள். கஷ்டம் குளிப்பதில் இல்லை, காய வைப்பதில்தான். தடிமனான சடை தண்ணீரைக் குடித்துக்கொண்டு கனக்கும், உள்ளே ஈரம் நின்றால் பூஞ்சை பிடித்து நாறும். வெயிலில் உட்கார்ந்து பொறுமையா காய வைக்க வேண்டும். இடுப்பு வரை சடை வளர்ந்தவர்களுக்குக் கழுத்து வலி சகஜம். வெளியே போகும்போது பெரிய கம்பளிக் குல்லாய்க்குள் மொத்தத்தையும் அள்ளிப் போட்டுக்கொள்வார்கள், சிலர் தலைப்பாகை கட்டுவார்கள். அதுக்கு மேல வெளியே கிளம்பினா போலீஸ் வேற.

கத்திரிக்கோல் பக்கத்துக் கதை

1963 ஏப்ரல் 11, புனித வெள்ளிக்கு முதல் நாள். ஜமைக்கா சுதந்திரம் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகலை. மொண்டேகோ பே நகரத்துக்குப் பக்கத்தில் கோரல் கார்டன்ஸ் என்ற இடம். கடலோர எஸ்டேட் நிலங்கள் சுற்றுலாவுக்காக விலை ஏறிக்கொண்டிருந்த நேரம். அந்த நிலம் வழியாகத் தங்கள் காய்கறித் தோட்டத்துக்கு நடந்து போய்வந்த ராஸ்தாக்களோடு தகராறு முற்றி, சில பேர் ஒரு பெட்ரோல் பங்கைத் தாக்கினார்கள். மோதல் முடிந்தபோது எட்டுப் பேர் செத்திருந்தார்கள். அதில் ரெண்டு பேர் போலீஸ்காரர்கள், மூணு பேர் ராஸ்தாக்கள்.

குற்றம் செய்தது ஒரு கை விரல்ல எண்ணக்கூடிய ஆட்கள். தண்டனை மொத்தக் கூட்டத்துக்கும். அடுத்த சில நாட்களில் அந்தப் பக்கத்தில் சடை வைத்திருந்த ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்தார்கள். போலீஸ், ராணுவம், கூடவே ஊர்க்காரர்கள். நூற்றுக்கணக்கான பேர் சிறைக்குப் போனார்கள். அடித்தார்கள். அப்புறம் மழித்தார்கள். யோசிச்சுப் பாருங்க, பத்துப் பதினஞ்சு வருஷம் கடவுளுக்கு நேர்ந்து வளர்த்த முடி. நம்ம ஊர்ல பழனிக்கு நேர்ந்துவிட்ட முடியை வேறொருத்தன் வழியில் பிடித்து வெட்டினால் எப்படி இருக்கும்? அந்த நாளை ராஸ்தாக்கள் புனித வெள்ளி என்று சொல்வதில்லை. கெட்ட வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள்.

இதுக்கு அரசாங்கம் மன்னிப்புக் கேட்க எவ்வளவு வருஷம் ஆச்சு தெரியுமா? 54. 2017 ஏப்ரல் 4-ல் பிரதமர் ஆண்ட்ரூ ஹோல்னஸ் நாடாளுமன்றத்தில் எழுந்து மன்னிப்புக் கேட்டார், பாதிக்கப்பட்டவர்களுக்காக ஒரு கோடி ஜமைக்கா டாலரில் ஒரு நிதியும் அறிவித்தார். அன்று மழிக்கப்பட்ட பலர் அதைக் கேட்க உயிரோடு இல்லை.

இதைவிட மோசம் இன்னொரு கரீபியன் தீவான டொமினிகா. 1974-ல் அங்கே ஒரு சட்டம் போட்டார்கள். சட்டவிரோதச் சங்கங்களைத் தடை செய்வது என்று பேர், மக்கள் வைத்த பேர் 'ட்ரெட் ஆக்ட்'. தோற்றத்தை வைத்தே வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம். தடை செய்யப்பட்ட கூட்டத்தைச் சேர்ந்த ஒருத்தன் ஏதாவது ஒரு வீட்டுக்குள் இருந்து, அவனை யாராவது கொன்றால், கொன்றவர் மேல் கிரிமினல் வழக்கும் கிடையாது, சிவில் வழக்கும் கிடையாது. நிஜமாவே சட்டப் புத்தகத்தில் இருந்த வாசகத்தின் சாரம் இது. 1980-களின் தொடக்கத்தில்தான் அதை நீக்கினார்கள்.

டிசர்ட்டுக்கு வந்த கதை

1966 ஏப்ரல் 21. ஹைலே செலாஸியே கிங்ஸ்டனுக்கு வந்து இறங்கினார். விமான நிலையத்தில் கடல் மாதிரி கூட்டம், போலீஸ் போட்ட தடுப்பையெல்லாம் தாண்டி ஓடுதளத்துக்கே வந்துவிட்டது. ராஜா விமானத்தை விட்டு இறங்க முடியவில்லை. கடைசியில் மார்ட்டிமோ பிளானோ என்ற சடைக்கார ராஸ்தா படியேறிப் போய், கூட்டத்தைப் பார்த்து வழிவிடச் சொன்ன பிறகுதான் இறங்க முடிந்தது. மூணு வருஷம் முன்னாடி எந்தத் தலையை மழித்தார்களோ, அதே மாதிரி ஒரு தலையை நம்பித்தான் அன்றைக்கு அரசாங்கத்தின் மானமே நின்றது. (ஆனா நன்றி எல்லாம் எதிர்பார்க்காதீங்க. மூணே மாசத்தில் ராஸ்தாக்கள் நிறைய வாழ்ந்த பேக்-ஓ-வால் சேரியை புல்டோசர் விட்டு இடித்தார்கள்.)

அன்று கூட்டத்தில் நின்றவர்களில் ரீட்டா மார்லியும் ஒருவர். கணவர் பாப் அப்போது அமெரிக்காவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்ததும் பாப் போய்ச் சேர்ந்தது அதே பிளானோவிடம். 1970-களின் தொடக்கத்தில் அவர் முடி திரியத் தொடங்கியது. 1974-ல் வந்த ஆல்பத்தின் பெயரே 'நாட்டி ட்ரெட்'. சிக்குத்தலை என்று திட்டுகிற வார்த்தையை எடுத்து ஆல்பத்துக்கே பேராக வைத்தது சாதாரண விஷயமா? பரட்டைன்னு ஒருத்தர் தன் படத்துக்குத் தானே பேர் வச்சுக்கிட்டு வந்து நிற்கிற மாதிரி. ரெகே இசை போன ஊருக்கெல்லாம் சடையும் போனது. 1981 மே 11-ல் மார்லி இறந்தபோது வயது 36. புற்றுநோய் சிகிச்சையில் அந்தச் சடை ஏற்கெனவே போய்விட்டிருந்தது. டிசர்ட்டில் மட்டும் அப்படியே இருக்கிறது.

இன்னும் முடியாத வழக்கு

டிசர்ட் போடுகிற காலத்தில் இதெல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தால், இல்லை. அதே ஜமைக்காவில் 2018-ல் ஐந்து வயதுச் சிறுமியின் சடையை வெட்டினால்தான் பள்ளியில் சேர்ப்போம் என்றார்கள். காரணம் சுத்தமாம், பேனாம். பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 2020 ஜூலை 31-ல் உச்ச நீதிமன்றம் உரிமை மீறல் இல்லை என்றது. மறுநாள் ஆகஸ்ட் 1, அடிமை ஒழிப்பு நாள், நாடே விடுமுறை! 2024-ல்தான் மேல்முறையீட்டு நீதிமன்றம் சிறுமியின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மலாவியில் ராஸ்தா பிள்ளைகளைச் சடையோடு பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது 2023-ல்.

தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன் பக்கம் போல்ஸ்மூர் சிறையில் சடையை வெட்ட மறுத்த ஐந்து காவலர்களை வேலையை விட்டு நீக்கினார்கள். சிலர் ராஸ்தாக்கள், மற்றவர்கள் கோசா இனத்து முன்னோர் வழிபாட்டின்படி சடை வளர்த்தவர்கள். பெண் காவலர்களுக்குச் சடை வைக்க அனுமதி இருந்ததுதான் வேடிக்கை. சடையால் காவல் வேலை எந்த விதத்தில் கெட்டது என்று துறையால் கடைசிவரை காட்ட முடியவில்லை. 2013-ல் நாட்டின் மேல்முறையீட்டு உச்ச மன்றம் காவலர்கள் பக்கம் நின்றது.

கென்யாவில் முத்தோனி வா கிரிமா என்று ஒரு அம்மா. மாவ் மாவ் படையில் ஃபீல்டு மார்ஷல் பட்டம் வரை உயர்ந்த பெண். காட்டில் வளர்ந்த சடையை நாடு விடுதலை ஆன பிறகும் வெட்டவில்லை. போராடினவர்களுக்கு விடுதலையின் பலன் கிடைக்கட்டும் என்று காத்திருந்தார். கிட்டத்தட்ட எழுபது வருஷம். 2022-ல்தான், நாட்டின் முதல் அதிபர் கென்யாட்டாவின் மனைவி ங்கினா கையால் வெட்டிக்கொண்டார். அடுத்த வருஷம் இறந்துபோனார். அவர் முடியை வெட்டச் சொல்ல யாருக்கும் உரிமை இருக்கவில்லை, அவரைத் தவிர.

நம்ம பக்கத்துச் சடை

அப்ப சடைன்னாலே விடுதலை, கத்திரின்னாலே அடக்குமுறையா? அங்கதான் நம்ம பக்கம் வந்து இடிக்குது.

மகாராஷ்டிரா, வடக்கு கர்நாடகா கிராமங்களில் ஒரு பெண் தலையில் சிக்கு விழுந்தால் அது எல்லம்மா தேவி இறங்கியதற்கு அடையாளம் என்பார்கள். சீவக்கூடாது, வெட்டக்கூடாது. அந்தச் சடையைக் காட்டியே சின்னப் பெண்களைத் தேவதாசியாக நேர்ந்துவிட்டிருக்கிறார்கள். கர்நாடகம் அதைத் தடைசெய்து சட்டம் போட்டது 1982-ல். கிலோக்கணக்கில் கனக்கிற சடையோடு, கழுத்தைத் திருப்ப முடியாமல், தூங்க முடியாமல், சாமி குத்தத்துக்குப் பயந்து வாழ்ந்த பெண்கள் உண்டு. நரேந்திர தாபோல்கர் தொடங்கிய மூடநம்பிக்கை ஒழிப்பு இயக்கத்துக்காரர்கள் இவர்களிடம் பொறுமையாகப் பேசி, சம்மதம் வாங்கி, சடையை வெட்டி விடுகிறார்கள். தாபோல்கரை 2013 ஆகஸ்ட் 20-ல் புனேயில் சுட்டுக் கொன்றார்கள். இயக்கம் நிற்கவில்லை. இங்கே கத்திரிக்கோல்தான் விடுதலை.

நம்ம பக்கத்துலயே இன்னொரு சடையும் இருக்கு. இலங்கையின் கதிர்காமத்தில் சடை விழுந்த சாமியாடிப் பெண்களிடம் உட்கார்ந்து கதை கேட்டு கணநாத் ஒபயசேகர 1981-ல் 'மெடூசாவின் கூந்தல்' என்று ஒரு புத்தகம் எழுதினார். அந்தப் பெண்களில் சிலருக்கு அந்தச் சடை சாமி கொடுத்த வரம், வாழ்க்கையில் தனக்கென்று கிடைத்த ஒரே மரியாதை. வெட்டுங்கன்னு அவங்ககிட்ட போய்ச் சொல்ல நாம யாரு?

அதனால சிக்கைப் பார்த்து ஒண்ணும் சொல்ல முடியாது மக்களே. அது வெறும் முடி, உதிர்ந்ததும் உதிராததும் சேர்ந்து முறுக்கினது. ட்ரெஞ்ச் டவுன் பையன் அதை வளர்க்கணும்னு தானே முடிவு பண்ணினான், அதைப் பிடுங்கினது போலீஸ். கர்நாடகப் பெண் தலையில் அதை ஊர் ஏற்றி வைத்தது, இறக்கி வைக்க அவள் சம்மதிக்கிறாள். ரெண்டு இடத்திலும் கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான். முடிவு பண்ணினது யாரு, அந்தத் தலைக்குச் சொந்தக்காரரா, இல்லை மத்தவங்களா?

அடுத்த தடவை யாரையாவது பரட்டைன்னு சொல்ல வாய் வந்தா, ஒரு செகண்ட் நிறுத்தி இதை யோசிங்க. சடை வச்சிருக்கிறவங்க, வச்சிருந்து ஆபீஸ் எச்.ஆர். கிட்ட மாட்டினவங்க யாராவது இருந்தா பின்னூட்டத்துல வந்து கதையைச் சொல்லுங்க.

டிஸ்கி: 'அப்ப நீ வளர்க்கப் போறியா?'ன்னு கேட்கத் துடிக்கிற அன்பர்களுக்கு: நெத்தி ஏறிக்கிட்டே போற வேகத்தைப் பார்த்தா அந்த முடிவு என் கையில இல்லை சாமி :-)